மூணு லட்சம் ரூபா ஹெட்செட்டை தினமும் மாட்டுவீங்களா? வாசகர் கேள்வி பதில்

இந்த இதழ் முழுக்க விஆர் ஹெட்செட் கேள்விங்க தான், அதாவது கண்ணை மறைச்சு தலைல மாட்டிக்கிட்டா நம்மளைச் சுத்தி கம்ப்யூட்டர் படத்தைக் காட்டற கருவி. சென்னை, கோவை, துபாய், யாழ்ப்பாணம்னு எல்லா பக்கமிருந்தும் எழுதியிருந்தீங்க, ஆனா சுத்தி வளைச்சு கேட்டது ஒண்ணே ஒண்ணு தான், இவ்ளோ காசு போட்டு வாங்கினா தினமும் யூஸ் ஆகுமா இல்ல அலமாரில தூங்குமான்னு. அதனால எல்லாத்தையும் சேர்த்தே பதில் சொல்லிடலாம்னு எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: வணக்கம் சார். சோழிங்கநல்லூர்ல ஐடி வேலை, வாரத்துல பாதி நாள் வீட்டுலேர்ந்து தான். ரூம் சின்னது, ரெண்டு மானிட்டர் வைக்க இடமில்ல. மச்சான் டெக்சாஸ்லேர்ந்து லீவுக்கு வர்றார், ஆப்பிள் விஷன் ப்ரோ வாங்கிட்டு வரட்டுமான்னு கேக்கறார். என்கிட்ட மேக்புக் இருக்கு. கண்ணாடி போடறவன், பவர் மைனஸ் நாலு. மானிட்டருக்கு பதிலா இதை வச்சே தினம் எட்டு மணி நேரம் வேலை பாக்க முடியுமா? மூணு லட்சம் ஆகுது, அதான் கேக்கறேன்.

பதில்: வாங்க வேணாம்ங்க. முதல்லயே சொல்லிடறேன், மச்சான் காசு கட்டிட்டார்னா அப்புறம் யோசிச்சு பிரயோஜனம் இல்ல.

பொருள் மோசம்னு நான் சொல்லல. ரெண்டு கண்ணுக்கும் சேர்த்து 2 கோடியே 30 லட்சம் பிக்சல், கைல எதையும் பிடிக்க வேணாம், கண்ணால ஒரு பட்டனைப் பாத்துட்டு ரெண்டு விரலைச் சேத்தா கிளிக் ஆயிடும், மேக் ஸ்கிரீனை எடுத்து சுவரு அகலத்துக்கு வளைச்சு முன்னாடி நிறுத்திக்கலாம். முதல் தடவை மாட்டறவங்க எல்லாருக்கும் வாய் பொளக்கத் தான் செய்யும். 2024 பிப்ரவரி 2ம் தேதி அமெரிக்காவுல 3,499 டாலருக்கு விற்பனைக்கு வந்துச்சு, 2025 அக்டோபர்ல எம்5 சிப் போட்டு அதே விலைக்கு புது மாடல் விட்டாங்க.

ஆனா காசு கூடக் கூட நல்லாகறது படம் மட்டும் தான். தினமும் மாட்ட விடாம நம்மளைத் தடுக்கறது படம் இல்லையே, கழுத்து, முகத்துல விழற அழுத்தம், வேர்வை, கண்ணு அசதி, பக்கத்துல யாராவது வந்து நின்னு கூப்பிடறது, இதெல்லாம் தான். இதுல ஒண்ணையும் 3,499 டாலர் தீர்த்து வைக்கல. முதல் மாடல் 600லேர்ந்து 650 கிராம், புது மாடல் 750லேர்ந்து 800 கிராம், அதாவது வெயிட் கூடித் தான் போயிருக்கு. புதுசுல வர்ற பட்டை தலைல கொஞ்சம் நல்லா உக்காருது, அது உண்மை தான், ஆனாலும் முக்கா கிலோ முக்கா கிலோ தானே. பேட்டரி தனியா ஒயர்ல தொங்கும், பாக்கெட்ல போட்டுக்கணும், அதுவும் ரெண்டு ரெண்டரை மணி நேரம் தான், எட்டு மணி நேரம்னா சுவர்ல சொருகியே வச்சிருக்கணும்.

அடுத்தது எழுத்து. நீங்க பாக்கப் போறது கம்ப்யூட்டர் புரோகிராம், எக்செல், மெயில், அதனால இது முக்கியம். கண்ணுக்கு முன்னாடி ஒரு டிகிரி அகலத்துல எத்தனை பிக்சல் விழுதுன்னு ஒரு கணக்கு உண்டு, நல்ல பார்வை உள்ளவங்க கண்ணு சுமார் 60 வரைக்கும் பிரிச்சுப் பாக்கும். ஃபேஸ்புக் நடத்தற மெட்டா கம்பெனியோட குவெஸ்ட் 3 ஹெட்செட்ல அது 25, விஷன் ப்ரோல 34ஐ ஒட்டி வரும். சாதாரண 24 இஞ்ச் ஃபுல் எச்டி மானிட்டரை 60 சென்டிமீட்டர் தள்ளி வச்சா 38 வருது, 27 இஞ்ச் 4கே மானிட்டர்னா 65ஐத் தாண்டிடும். அதாவது மூணு லட்சம் குடுத்து நீங்க வாங்கற எழுத்துக் கூர்மை, ஆபீஸ்ல ஓரமா கிடக்கற பழைய மானிட்டர் அளவுக்குக் கூட வரல. படம், வீடியோன்னா இது தெரியாது, நாள் பூரா எழுத்து படிச்சா நல்லாவே தெரியும்.

இதை யாராவது எட்டு மணி நேரம் மாட்டிப் பாத்திருக்காங்களான்னா, பாத்திருக்காங்க. ஜெர்மனில கோபர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில 2022ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, அஞ்சு நாள், நாளைக்கு எட்டு மணி நேரம், ஒரு வாரம் ஹெட்செட்ல வேலை, ஒரு வாரம் சாதாரணமா வேலை. முதல் நாளே ரெண்டு பேர் தலைவலி, குமட்டல்னு விலகிட்டாங்க. மிச்சம் 16 பேர் முடிச்சாங்க, அவங்க சொன்னதுல எரிச்சல் 42 சதவீதம் கூட, கண்ணு அசதி 48 சதவீதம் கூட. அவங்க யூஸ் பண்ணது குவெஸ்ட் 2, விஷன் ப்ரோ அதை விட ரொம்ப தெளிவு, அது சரி தான். ஆனா கண்ணு படற கஷ்டத்துக்கு ஒரு அடிப்படைக் காரணம் எல்லா ஹெட்செட்லயும் ஒண்ணு தான், லென்ஸ் படத்தை ஒண்ணு ரெண்டு மீட்டர் தூரத்துல ஒரே இடத்துல நிறுத்தி வச்சிருக்கு, கண்ணு ஃபோகஸ் அங்கயே நிக்கும், ஆனா படத்துல ஒரு பொருள் மூக்குக்கு கிட்ட வந்தா ரெண்டு கண்ணும் உள்பக்கமா திரும்பியாகணும். வெளி உலகத்துல இந்த ரெண்டும் சேர்ந்தே நடக்கும், இதுக்குள்ள தனித்தனியா இழுக்குது. அரை மணி நேரத்துல தெரியாது. மத்தியானத்துக்கு மேல தெரியும்.

இன்னும் உங்க பவர் இருக்கு. விஷன் ப்ரோக்குள்ள கண்ணாடியோட மாட்ட முடியாது, சைஸ் (Zeiss)ங்கற லென்ஸ் நிறுவனம் பண்ற தனி லென்ஸ் உள்ள ஒட்டணும், அமெரிக்க விலை 149 டாலர், பவர் மாறினா மறுபடி வாங்கணும். ஆப்பிள் இதை இந்தியால அதிகாரப்பூர்வமா கொண்டு வராததால கீழ விழுந்து முன் கண்ணாடி உடைஞ்சா இங்க சர்வீஸ் சென்டர்ல தூக்கிட்டுப் போய் நிக்க முடியாது, வந்த புதுசுல அந்தக் கண்ணாடி மாத்தறதுக்கு மட்டும் அமெரிக்கால 799 டாலர் சொன்னாங்க, தனி இன்சூரன்ஸ் எடுக்காதவங்களுக்கு.

உங்க நிஜப் பிரச்சினை டேபிள்ல இடம் இல்லாதது. டேபிள் விளிம்புல கவ்விப் பிடிக்கற மானிட்டர் ஆர்ம் ஒண்ணு, அதுல ஒரு 27 இஞ்ச் 4கே மானிட்டர், டேபிள்ல ஒரு சாண் இடம் கூட போகாது, வேலை முடிஞ்சதும் சுவரு பக்கமா தள்ளி விட்டுடலாம். ரெண்டும் சேர்ந்து ஹெட்செட் விலைல சின்னப் பங்கு தான் ஆகும். ஆசை இருந்தா என்னிக்காவது அமெரிக்கா, சிங்கப்பூர் போறப்போ ஆப்பிள் கடைல டெமோ கேளுங்க, சும்மாவே காட்டுவாங்க. ஆனா அரை மணி நேர டெமோல எல்லாம் நல்லாத் தான் இருக்கும், அதை வச்சு முடிவு எடுக்காதீங்க.

கேள்வி: அண்ணே, மதுரைல இன்ஜினியரிங் படிக்கிறேன். பெரியப்பா பையன்கிட்ட குவெஸ்ட் 2 இருக்கு, அதுல ஓடற கேம் ஆடினா பத்து நிமிஷத்துல வாந்தி வர்ற மாதிரி ஆகுது. அவன் சொல்றான் உனக்கு விலை கூடின ஹெட்செட் தான் செட் ஆகும்னு. பார்ட் டைம் வேலை பாத்து சேர்த்த காசு இருக்கு, போட்டுரலாமா?

பதில்: தம்பி, சேர்த்த காசை அப்படியே வை. வாந்தி வர்றதுக்கும் விலைக்கும் பெருசா சம்பந்தம் இல்ல. கண்ணு நீ ஓடறன்னு சொல்லுது, காதுக்குள்ள இருக்கற சமநிலை உறுப்பு நீ சேர்ல உக்காந்திருக்கன்னு சொல்லுது, மூளை குழம்பிப் போய் வயித்தைப் பிரட்டுது. கொடைக்கானல் மலை ரோட்டுல பஸ்ல உக்காந்து செல்போன் பாத்தா வருமே, அதையே திருப்பிப் போட்டது தான் இது. பிக்சல் கூடினா காது ஏமாறாது.

பழைய ஹெட்செட்ல சரி பண்ணக் கூடியது சிலது இருக்கு. கண்ணு ரெண்டுக்கும் நடுவுல இருக்கற தூரத்துக்கு லென்ஸ் நேரா இருக்கணும், குவெஸ்ட் 2ல 58, 63, 68 மில்லிமீட்டர்னு மூணே நிலை தான், லென்ஸைக் கையாலயே நகர்த்தலாம், அண்ணன் அளவுக்கு வச்சதை அப்படியே நீ மாட்டினா தலைவலி வரும். கம்ப்யூட்டர்ல கனெக்ட் பண்ணி ஆடறீங்கன்னா படம் விட்டு விட்டு வருதான்னு பாரு, நொடிக்கு 90 படம் ஓட வேண்டிய இடத்துல 50, 60ன்னு இறங்கினா குமட்டல் நிச்சயம்.

மிச்சம் எல்லாம் கேம் செட்டிங்ஸ்ல இருக்கு. கைல பிடிக்கற கன்ட்ரோலர்ல ஸ்டிக்கைத் தள்ளி நடக்கறதை நிறுத்திட்டு டெலிபோர்ட்னு மாத்து, அதாவது போக வேண்டிய இடத்தைக் காட்டினா ஒரே தாவுல அங்க நிக்கும். 2020ல வந்த ஹாஃப் லைஃப் அலிக்ஸ் மாதிரி பெரிய கேமைக் கூட இப்படியே முழுசா ஆடி முடிக்கலாம். முதல் ஒரு மாசம் உலகம் அசையாம நீ மட்டும் அசையற கேமா ஆடு, பாட்டுக்கு ஏத்த மாதிரி எதிர்ல வர்ற கட்டைங்களை வெட்டற பீட் சேபர் மாதிரி. முன்னாடி ஒரு டேபிள் ஃபேனை வச்சுக்கோ, முகத்துல காத்து படறதால எந்தப் பக்கம் திரும்பியிருக்கோம்னு உடம்புக்குத் தெரியும். ரொம்ப முக்கியம், கொட்டாவி, வாயில எச்சில் ஊறறது, கன்னம் சூடாகறது, இதுல எது வந்தாலும் அந்த நிமிஷமே கழட்டிடு. பல்லைக் கடிச்சுட்டு ஆடினா பழகிடும்னு சில பேர் சொல்லுவாங்க, பழகாது, அடுத்த தடவை ஹெட்செட்டைப் பாத்தாலே குமட்டும். கழட்டின உடனே பைக் எடுத்துக்கிட்டுக் கிளம்பாத.

நிறைய பேருக்கு கொஞ்சம் கொஞ்சமா சரியாயிடும், சில பேருக்கு கடைசி வரைக்கும் சரியாகாது. நீ எந்த வகைன்னு அண்ணன் ஹெட்செட்லயே கண்டுபிடிக்கலாமே, அதுக்கு ஏன் காசு.

கேள்வி: கோயமுத்தூர்லேர்ந்து எழுதறேனுங்க. போன வருஷம் குவெஸ்ட் 3எஸ் வாங்கினோம், மகன் பெங்களூரு போனப்புறம் நான் தான் தினமும் காலைல அதுல உடற்பயிற்சி கேம் ஆடறேன், உடம்பு நல்லா இளகியிருக்குதுங்க. இதை மாத்தி குவெஸ்ட் 3 எடுக்கலாமுங்களா? வேர்வைல நுரை பஞ்சு நாத்தம் அடிக்குது, அதுக்கும் ஒரு வழி சொல்லுங்க.

பதில்: வந்த கடிதங்கள்லயே எனக்கு ரொம்ப சந்தோஷம் குடுத்தது உங்களோடது தாங்க. தினமும் யூஸ் பண்றதுன்னா இது தான். ஒரு வேலை, ஒரு நேரம், அரை மணில முடிஞ்சிருது, அது முடிஞ்சதும் கழட்டி வச்சுட்டு அடுப்பைப் பாக்கப் போயிடறீங்க. ஹெட்செட்டுக்கு இதுக்கு மேல நல்ல உபயோகம் எனக்குத் தெரிஞ்சு வீட்டுல இல்ல.

மாத்தாதீங்க. 3எஸ் 2024 அக்டோபர்ல 299 டாலருக்கு வந்தது, குவெஸ்ட் 3 அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி 499 டாலருக்கு வந்தது, ஆனா உள்ள இருக்கற சிப் ரெண்டுக்கும் ஒண்ணு, மெமரி ஒண்ணு, வெயிட்டும் ரெண்டும் அரைக் கிலோவுக்கு கொஞ்சம் மேல தான். வித்தியாசம் லென்ஸ்லயும் ஸ்கிரீன்லயும். 3எஸ்ல இருக்கறது பழைய வகை வளையம் வளையமா கோடு போட்ட லென்ஸ், நடுவுல தெளிவா இருக்கும், ஓரத்துல மங்கும். குவெஸ்ட் 3ல ஓரம் வரைக்கும் தெளிவு. நின்னுக்கிட்டு கையை வீசறப்போ நீங்க பாக்கறது நேர் எதிர்ல வர்றதைத் தான், ஓரத்துல எழுத்து படிக்கப் போறதில்லையே.

அந்தக் காசுல கொஞ்சத்தை எடுத்து சிலிகான் முகக் கவர் ஒண்ணு வாங்குங்க, ஆடி முடிச்சதும் ஈரத் துணியால ஒரு துடை, அவ்ளோ தான், நுரைப் பஞ்சுல வேர்வை இறங்கி ஊறிப் போற பிரச்சினையே இருக்காது. 2021ல குவெஸ்ட் 2 நுரைப் பஞ்சால சிலருக்கு முகத்துல அரிப்பு, தடிப்பு வந்து, அமெரிக்கால மட்டும் சுமார் 40 லட்சம் பஞ்சைத் திரும்ப எடுத்துக்கிட்டு, மேல மாட்டிக்க சிலிகான் கவர் தான் குடுத்தாங்க. முகம் சிவந்தா, எரிஞ்சா அலட்சியம் பண்ணாதீங்க.

மாட்டறதுக்கு முன்னாடி நெத்தியைத் துடைச்சிருங்க. விபூதி, குங்குமம் பஞ்சுல ஏறினா போகாது, அதை விட மோசம், அந்தத் தூள் லென்ஸ்ல விழுந்து அதை நம்ம முந்தானையால துடைச்சா மெல்லிசா கீறல் விழும், லென்ஸ் பிளாஸ்டிக் தானுங்க. ஸ்டிக்கர் பொட்டு வேர்வைல நழுவி உள்ள போய் ஒட்டிக்கும். லென்ஸுக்கு மூக்குக் கண்ணாடி துடைக்கற மெத்துத் துணி மட்டும், தண்ணி, ஸ்பிரிட் எதுவும் வேணாம். கொண்டை போட்டா பின் பட்டை மேல ஏறி, முன்னாடி வெயிட் எல்லாம் கன்னத்துல இறங்கும், தாழ்வா ஒரு பின்னல் போட்டு பின்னந்தலைக் குமிழுக்குக் கீழ பட்டை உக்கார்ற மாதிரி மாட்டுங்க, கழுத்து வலி பாதி அங்கயே போயிடும்.

இன்னொண்ணு, ஜன்னல் ஓரமா வைக்கவே வைக்காதீங்க. காலை வெயில் அந்த லென்ஸ் வழியா உள்ள விழுந்தா பூதக்கண்ணாடில பேப்பர் எரியற அதே கதை தான், கொஞ்ச நேரத்துல ஸ்கிரீன்ல கருகின புள்ளி விழுந்துரும், அது வாரண்டிலயும் வராது. துணிப் பைல போட்டு பீரோக்குள்ள வச்சிருங்க.

கேள்வி: திருச்சில இருந்து ஒரு அம்மா. ஒன்பது வயசுப் பையன், ஃப்ரெண்டு வீட்டுல பாத்துட்டு வந்து பொறந்த நாளுக்கு விஆர் வேணும்னு அடம். வாங்கித் தரலாமா சார்?

பதில்: இப்ப வேணாம்மா. மெட்டா 10 வயசுக்குக் கீழ குடுக்கவே கூடாதுன்னு சொல்லுது, 10லேர்ந்து 12 வரைக்கும் பெத்தவங்க கன்ட்ரோல்ல இருக்கற அக்கவுண்ட் மட்டும் தான். சோனி 12ங்குது, ஆப்பிள் 13ங்குது. விக்கறவங்களே வேணாம்னு சொல்ற வயசுல நாம ஏன் குடுக்கணும். குழந்தைங்களுக்கு ரெண்டு கண்ணுக்கும் நடுவுல தூரம் கம்மி, ஹெட்செட் லென்ஸ் பெரியவங்க அளவுக்குப் பண்ணது, குறைச்சாலும் ஒரு அளவுக்கு மேல குறையாது. தலையும் சின்னது, கழுத்துக்கு அரைக் கிலோ ரொம்ப ஜாஸ்தி.

ரெண்டு வருஷம் கழிச்சு வாங்கினாலும் ரெண்டு விஷயம். பசங்க ஆடற பிரபலமான கேம்ங்க நிறைய முன்னப்பின்ன தெரியாத ஆளுங்களோட மைக்ல பேசிக்கிட்டே ஆடறது, எந்த ஊரு, எந்த வயசு ஆளுன்னே தெரியாது. உள்ள அவன் என்ன பாக்கறான், கேக்கறான்னு வெளில நிக்கற உங்களுக்குத் தெரியாது, அதனால கட்டாயம் டிவிலயோ போன்லயோ காட்டற மாதிரி கனெக்ட் பண்ணிட்டுத் தான் ஆட விடணும். அடுத்தது சீலிங் ஃபேன். ஹெட்செட் தரைல ஒரு எல்லைக் கோடு போடும், அதைத் தாண்டினா எச்சரிக்கும், ஆனா தலைக்கு மேல என்ன இருக்குன்னு அந்தக் கோட்டுக்குத் தெரியாது. நம்ம வீடுகள்ல பையன் கட்டில் பக்கத்துல நின்னு ஒரு எம்பு எம்பி கையைத் தூக்கினா ஃபேன் றெக்கை தான். ஃபேனுக்கு நேர் கீழ ஆடக் கூடாதுன்னு இப்பவே மனசுல வச்சுக்குங்க, ஃப்ரெண்டு வீட்டுல ஆடினாலும் இதைச் சொல்லி அனுப்புங்க.

கேள்வி: துபாய்ல பெட் ஸ்பேஸ்ல இருக்கேன் பாஸ். ஒரே ரூம்ல ஆறு பேர். ராத்திரி நைட் ஷிஃப்ட் ஆளு தூங்குவான், லைட் போட முடியாது, டிவி கிடையாது. படுத்துக்கிட்டு பெரிய ஸ்கிரீன்ல படம் பாக்கணும், அவ்ளோ தான் என் ஆசை. குவெஸ்ட் 3 வாங்கவா?

பதில்: உங்க தேவை நியாயமானது, அந்த ரூம்ல உங்களுக்குன்னு ஒரு இடம் வேணும், அது கிடைக்கும். ஆனா வெறும் படத்துக்குன்னா ஹெட்செட் தேவையில்ல, டிஸ்ப்ளே கிளாஸ்னு ஒரு வகை இருக்கு, எக்ஸ்ரியல் மாதிரி கம்பெனிங்க பண்றது. பாக்க கூலிங் கிளாஸ் மாதிரி, 100 கிராமுக்கும் கம்மி, தனி பேட்டரி கிடையாது, போன்ல ஒயர் சொருகினா போன் ஸ்கிரீன் பெருசா கண்ணு முன்னாடி தொங்கும். எக்ஸ்ரியல் ஒன் 499 டாலருக்கு வந்தது, அதுக்கு முந்தின மாடல்ங்க இன்னும் கம்மி. ஹெட்செட் மாதிரி சுத்திலும் அடைச்சுக்காது, பார்வைல நடுவுல 50 டிகிரி அளவு தான், ஆனா லைட் அணைச்ச ரூம்ல படுத்துட்டு பாக்க அது தாராளம். மல்லாந்து படுத்தா ஹெட்செட் பின் பட்டை தலையணைல இடிச்சு முகத்துல நகரும், கிளாஸ்ல அந்தத் தொல்லை இல்ல.

வாங்கறதுக்கு முன்னாடி உங்க போன்ல யூஎஸ்பி-சி வழியா வீடியோ வெளிய வருமான்னு கட்டாயம் பாருங்க. ஐபோன் 15லேர்ந்து வரும், சாம்சங் எஸ் வரிசைல வரும், நடுத்தர விலை ஆண்ட்ராய்டு போன் நிறையத்துல அந்த ஓட்டை சார்ஜ் ஏத்த மட்டும் தான். இது தெரியாம வாங்கிட்டு தனியா ஒரு அடாப்டர், அதுக்கு ஒரு பேட்டரின்னு அலையறவங்க நிறைய பேர். கேமும் ஆடணும், ஊர்ல இருக்கற வீட்டம்மாகிட்ட ஒரே இடத்துல உக்காந்த மாதிரி பேசணும்னா அப்ப குவெஸ்ட் 3எஸ் யோசிக்கலாம், ரெண்டு பக்கமும் ஹெட்செட் வேணும், அங்க நல்ல வைஃபையும் வேணும்.

கேள்வி: வணக்கம் அண்ணா, யாழ்ப்பாணத்திலயிருந்து. என்னட்ட ஒரு பழைய எச்பி ரிவெர்ப் ஜி2 ஹெட்செட் இருக்கு, ஃப்ளைட் சிமுலேட்டருக்கெண்டு நல்ல விலை குடுத்து வாங்கினது. கம்ப்யூட்டரில விண்டோஸ் 11 அப்டேட் வந்தாப்பிறகு வேலை செய்யுதில்லை. திருத்தேலுமோ? புதுசு வாங்கிறதெண்டா எதை நம்பி வாங்கிறது?

பதில்: உங்கட ஹெட்செட் பழுதாகேல்லை தம்பி, நம்ம பக்கத்துப் பேச்சுல சொல்றேன், அதுக்கு அடில இருந்த சாஃப்ட்வேரை மைக்ரோசாஃப்ட் எடுத்துட்டாங்க. 2017லேர்ந்து ஏசர், டெல், எச்பி, லெனோவா, சாம்சங் எல்லாம் விண்டோஸ் மிக்ஸ்ட் ரியாலிட்டின்னு ஒரே அமைப்பை நம்பி ஹெட்செட் போட்டாங்க. 2023 டிசம்பர்ல இதை நிறுத்தப் போறோம்னு அறிவிச்சு, விண்டோஸ் 11 24எச்2 பதிப்புல தூக்கியே விட்டாங்க. நல்லா இருந்த கண்ணாடி, நல்லா இருந்த ஸ்கிரீன், ஒரே அப்டேட்ல வெறும் பிளாஸ்டிக். இதை நினைச்சா எனக்கு இப்பவும் கோவம் வருது, 599 டாலர் குடுத்தவங்க எத்தனை பேர்.

நல்ல சேதி, 2025ல ஒயாசிஸ் டிரைவர்னு ஒரு சாஃப்ட்வேர், கம்ப்யூட்டர் கேம் விக்கற ஸ்டீம் ஆன்லைன் கடைல இலவசமா வந்திருக்கு, மைக்ரோசாஃப்ட் அமைப்பு இல்லாமலே ஸ்டீமோட விஆர் சாஃப்ட்வேரான ஸ்டீம்விஆர்ல உங்க ரிவெர்பை ஓட்டும். என்விடியா கிராபிக்ஸ் கார்டு இருக்கணும், அது தான் முக்கிய நிபந்தனை. ஃப்ளைட் சிமுலேட்டர் ஆடறவர் நீங்க, கார்டு பெரும்பாலும் அதுவா தான் இருக்கும், முதல்ல இதைப் போட்டுப் பாருங்க, ஒரு சதம் செலவில்ல.

புதுசு வாங்கறதைப் பத்தி கேட்டீங்க. விலை கூடினது ரொம்ப நாள் உழைக்கும்னு ஃப்ரிட்ஜ், கிரைண்டருக்குச் சொல்லலாம், ஹெட்செட்டுக்குச் சொல்ல முடியாது. மெட்டா 2022 அக்டோபர்ல குவெஸ்ட் ப்ரோவை 1,499 டாலருக்கு விட்டாங்க, அடுத்த மார்ச்ல 999ன்னு இறக்கினாங்க, அப்புறம் மாடலையே நிறுத்திட்டாங்க. கூகுளோட விஆர் அமைப்பு டேட்ரீம் 2016ல வந்து 2019ல போச்சு. மைக்ரோசாஃப்டோட சொந்த ஹெட்செட் ஹோலோலென்ஸ் 2ம் நின்னு போச்சு. மெட்டாவோட ஹெட்செட் பண்ற பிரிவு 2024ல மட்டும் 1,770 கோடி டாலர் நஷ்டம் காட்டுச்சு, அவங்க எவ்ளோ நாள் இதைத் தாங்குவாங்கன்னு யாராலயும் சொல்ல முடியாது. அதனால ஒரு ஹெட்செட் மூணு வருஷம் ஓடினா போதும்னு கணக்குப் போட்டு, அந்த மூணு வருஷத்துக்கு எவ்ளோ தாங்குமோ அவ்ளோ மட்டும் போடுங்க. சாம்சங் 2025 அக்டோபர்ல விட்ட கேலக்ஸி எக்ஸ்ஆர் ஹெட்செட் 1,799 டாலர், விஷன் ப்ரோல பாதி விலை தான்னு விளம்பரம் வந்தாலும் இதே கணக்கு தான். உங்களை மாதிரி காக்பிட்ல உக்காந்து ஆடறவங்களுக்கு ஹெட்செட் நிஜமாவே வேணும், தலையைத் திருப்பி ரன்வேயைப் பாக்கறதை மானிட்டர் குடுக்காது, அதுல சந்தேகமில்ல. ஒயர் போட்டோ வைஃபைலயோ கம்ப்யூட்டரோட சேர்ற, தனியாவும் ஓடற ஹெட்செட்டாப் பாருங்க, ஒரு பக்கம் கை விட்டாலும் இன்னொரு பக்கம் மிஞ்சும்.

கேள்வி: கும்பகோணத்தில் ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியர். மச்சு பிச்சு, நயாகரா என்று பிள்ளைகளுக்கு ஆயுள் பூரா பாடம் நடத்தினேன், ஒன்றையும் நேரில் பார்த்ததில்லை, இனி முழங்கால் இடம் கொடுக்காது. மகன் விஆர் வாங்கித் தருகிறேன் என்கிறான், இந்த வயதில் அந்தச் செலவு வீண் தானே?

பதில்: வீண் இல்ல ஐயா, மகன் கேட்டதும் சரின்னு சொல்லிடுங்க. ஆனா விலை கூடினது வேணாம், குவெஸ்ட் 3எஸ்ஸே போதும். அதுல வாண்டர்னு ஒரு ஆப் காசு குடுத்து வாங்கணும், கூகுள் ஸ்ட்ரீட் வியூல, அதாவது கூகுள் ஊர் ஊரா சுத்தி நாலு பக்கமும் எடுத்த படங்களுக்கு நடுவுல உங்களைக் கொண்டு போய் நிறுத்தும். மச்சு பிச்சுவை கூகுள் 2015லயே படம் பிடிச்சுட்டாங்க, கல்லுப் படிக்கட்டுல நின்னு திரும்பிப் பாத்தா மலை உங்க பின்னாடி நிக்கும். சென்னைத் தெருவெல்லாம் 2022லேர்ந்து இருக்கு, நீங்க படிச்ச இடம் சென்னைன்னா அங்கயும் போய் வரலாம். அசையற வீடியோ இல்ல, நின்ன படம் தான், சில இடத்துல கொஞ்சம் மங்கலாத் தெரியும், அதை முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டா ஏமாத்தம் இருக்காது. நின்ன படம்ங்கறதால தலை சுத்தலும் கம்மி.

நின்னுக்கிட்டு பாக்கவே பாக்காதீங்க. சுத்தற நாற்காலி, ஆனா கீழ சக்கரம் இல்லாததா, கைப்பிடி வச்சதா பாத்து உக்காருங்க, காலைத் தரைல ஊனி மெதுவா சுத்தினா போதும். ஒரு தடவைக்கு இருபது நிமிஷம். கழட்டினதும் உடனே எழுந்திருக்காம கொஞ்ச நேரம் உக்காந்திருங்க. பேஸ்மேக்கர், காது மெஷின் இருந்தா டாக்டர்கிட்ட கேக்காம மாட்டக் கூடாது, ஹெட்செட்லயும் கைல பிடிக்கறதுலயும் காந்தம், ரேடியோ அலை எல்லாம் இருக்கு. கண்புரை ஆபரேஷன் பண்ணியிருந்தா கண் டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை. படிக்கற கண்ணாடி, தூரத்துக் கண்ணாடி ரெண்டையும் போட்டுப் பாருங்க, படம் ஒண்ணு ரெண்டு மீட்டர்ல நிக்கறதால பெரும்பாலும் தூரத்துக் கண்ணாடி தான் ஒத்து வரும், பெட்டியோட வர்ற கண்ணாடி இடைவெளித் துண்டை மாட்டினா மூக்குக் கண்ணாடி லென்ஸ்ல உரசாது.

மகன்கிட்ட ஒண்ணு சொல்லுங்க, வாங்கி அனுப்பிட்டு போன்ல சொல்லிக் குடுக்கறது வேலைக்கு ஆகாது, ஒரு வாரக் கடைசி வந்து உக்காந்து அக்கவுண்ட் போட்டு, வைஃபை பாஸ்வேர்டு கொடுத்து, வாண்டர் ஐகானை முதல் வரிசைல வச்சு, அம்மாவும் பாக்கற மாதிரி டிவில காட்டற வழியையும் ஒரு பேப்பர்ல வரிசையா எழுதி ஒட்டிட்டுத் தான் கிளம்பணும்னு.